மாம்பலத்து மரங்கள் நீர் குடிக்கும் விதம்

மேற்கு மாம்பலம் சென்னையின் பழைய குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று. தாம்பரம் செல்லும் ரயில் பாதைக்குக் கிழக்கே தியாகராய நகரும் மேற்கே மேற்கு மாம்பலமும் உள்ளன. அயோத்தியா மண்டபம், கோதண்டராமர் கோயில், காசி விசுவநாதர் கோயில் ஆகியவற்றால் அறியப்படும் இவ்வூருக்குப் பெயர் ஒரு மரத்தால் வந்தது என்பது பொதுவான நம்பிக்கை. வில்வ மரங்கள் மிகுந்து 'மகாவில்வ க்ஷேத்திரம்' எனப்பட்டது, அதுவே நாளடைவில் மாம்பலமாயிற்று என்பர் ஒரு சாரார். மாம்பழத்தோடு சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. எது சரியாயினும் ஊர்ப்பெயருக்குள் ஒரு மரம் நிற்கிறது.

ஊர்ப்பெயரில் மரம் இருப்பதுபோல் தெருப்பெயரில் ஏரியும் இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற சாலை உண்டு. அதில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் இன்று ஏரி தெரியாது. அடுக்குமாடி வீடுகளும் அவற்றின் வாசலில் சிமெண்டுத் தரைக்கு நடுவே நிற்கும் வேம்பு, புங்கன், தூங்குமூஞ்சி மரங்களும்தான் தெரியும். ஏரி போன பிறகும் இம்மரங்கள் எவ்வாறு நீர் பெறுகின்றன, மழையில்லாத மாதங்களை எவ்வாறு கடக்கின்றன என்பதற்குத் தாவரவியலும் இப்பகுதியின் வரலாறும் சேர்ந்தே விடை சொல்கின்றன.

ஏரி போன கதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை நகரின் மேற்கு எல்லை போலக் கிடந்தது ஒரு நீண்ட நீர்ப்பரப்பு. ஆங்கிலேயர் அதை 'லாங் டேங்க்' என்றனர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளத்துக்கு அது நீண்டிருந்தது. படகுப் போட்டிகள்கூட அதில் நடந்தன. நகரில் மக்கள் பெருகி வீட்டுமனைகளுக்குத் தேவை கூடியபோது, 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் துணையோடு மாம்பலம் பகுதி ஏரி தேர்ந்தெடுக்கப்பட்டது. 1923இல் ஏரி நீரை வடிக்கும் வேலை தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்நிலத்தில் தியாகராய நகர் எழுந்தது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் நகருக்கும், பனகல் அரசரின் பெயர் அதன் நடுவே அமைந்த பூங்காவுக்கும் இடப்பட்டன.

ஏரி என்பது தரைக்கு மேல் தெரியும் தண்ணீர் மட்டுமன்று. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைத் தேக்கி, பங்குனி, சித்திரைவரை சுற்றுப்புற மண்ணுக்குள் சிறிது சிறிதாக விடும் அமைப்பு அது. சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. இது குறைவான மழையன்று. ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஜனவரியிலிருந்து மே வரை ஏறத்தாழ மழையே இல்லை. அந்த ஐந்து மாதங்களுக்கு மண் வைத்திருக்கும் நீர்தான் மரத்துக்குச் சோறு.

மண்ணிலும் வேறுபாடு உண்டு. பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் மணல். மழை விழுந்தவுடன் உள்ளே இறங்கும். தியாகராய நகரும் மேற்கு மாம்பலமும் களிமண் பகுதிகள். களிமண் நீரை நிறையப் பிடித்துவைக்கும், ஆனால் எளிதில் விட்டுக்கொடுக்காது. காய்ந்துவரும் களிமண்ணில் நீர் இருந்தும் செடி வாடுவது இதனால்தான். மண் நீரைப் பிடித்திருக்கும் விசை, காற்றழுத்தத்தைப்போல் சுமார் 15 மடங்கை எட்டும்போது பெரும்பாலான பயிர்களின் வேர்கள் தோற்றுவிடுகின்றன. தாவரவியலார் இந்நிலையை நிலைத்த வாடல் நிலை என்பர்.

பம்பு தோற்கும் இடத்தில் மரம் வெல்வது

பழைய மாம்பலம் வீடுகளின் கொல்லையில் கிணறு இருந்தது. அதில் வாளி, பிறகு அடிபம்பு, பிறகு மின்மோட்டார் என்று காலம் மாறியது. நீர்மட்டம் இறங்க இறங்க, தரையில் இருந்த மோட்டாரைக் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கினார்கள். காரணம் எளிது. உறிஞ்சு பம்பு உண்மையில் நீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் காற்றை நீக்கினால், வெளியே உள்ள காற்றின் அழுத்தம் நீரை மேலே தள்ளுகிறது. அவ்வழுத்தம் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துக்குமேல் நீரைத் தாங்காது. நடைமுறையில் 7, 8 மீட்டருக்கே பம்பு திணறிவிடும். அதனால்தான் ஆழ்துளைக் கிணறுகள் வந்தபோது மோட்டாரையே நீருக்குள் அமிழ்த்த வேண்டியதாயிற்று.

ஆனால் மாம்பலத்தின் ஒரு சாதாரணத் தூங்குமூஞ்சி மரம், எந்த மோட்டாரும் இல்லாமல், ஓசையும் இல்லாமல், 15 மீட்டர் உயரத்துக்கு நாள்தோறும் நீரை ஏற்றுகிறது. கலிபோர்னியாவின் செம்மரங்கள் 110 மீட்டருக்கு மேலும் ஏற்றுகின்றன. இது எப்படி இயலும் என்ற கேள்வி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அறிவியலாரைக் குழப்பியது.

இங்கிலாந்தின் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் 1727இல் வெளியிட்ட நூலில், தொட்டியில் வளர்ந்த சூரியகாந்திச் செடியை நாள்தோறும் எடைபோட்டு, அது இலைவழியே எவ்வளவு நீரை ஆவியாக விடுகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். நீரை மேலே இழுப்பது இலைகளிலிருந்து நடக்கும் இந்த நீராவிப்போக்கே என்ற எண்ணத்துக்கு அது வித்திட்டது. 1890களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் எடுவர்டு ஸ்டிராஸ்பர்கர், வெட்டிய உயர மரங்களின் அடியை மயில்துத்தக் கரைசலிலும் பிக்ரிக் அமிலத்திலும் நிறுத்தினார். நஞ்சு ஏறிய வழியெல்லாம் உயிருள்ள செல்கள் செத்தன. நீர் மட்டும் தொடர்ந்து ஏறியது! ஆக, நீரை ஏற்றுவதற்குத் தண்டின் உயிர்ச்செல்கள் தேவையில்லை என்பது தெரிந்தது.

1894இல் டப்ளின் நகரின் டிக்சன், ஜாலி ஆகிய இருவரும் விடையைக் கோட்பாடாக வடித்தனர். மரத்தின் சைலம் என்னும் திசு, தலைமுடியைவிட மெல்லியவை உள்பட எண்ணற்ற நுண்குழாய்களால் ஆனது. அவை முதிர்ந்தபின் உயிரற்ற வெறுங்குழாய்கள். அவற்றுள் வேர் முதல் இலை வரை நீர் அறுபடாத நூல்போல் நிற்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் தன்மைக்குக் கூட்டிணைவு என்று பெயர். இலையின் ஓரத்தில் ஒரு மூலக்கூறு ஆவியானால், அது விட்ட இடத்துக்கு அடுத்தது இழுபடுகிறது. அந்த இழுப்பு சங்கிலிபோல் வேர்வரை இறங்குகிறது. கிணற்றுக் கயிற்றின் மேல்முனையை இழுத்தால் அடியில் உள்ள வாளி அசைவது போன்றது இது. சுருங்கச் சொன்னால் பம்பு தள்ளுகிறது, மரம் இழுக்கிறது.

இந்த இழுவிசையை நேரடியாக அளக்க மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின. 1965இல் ஸ்காலண்டரும் குழுவினரும் வெட்டிய கிளையை அழுத்தக் கலனுக்குள் வைத்து, வெட்டுமுனையில் சாறு எட்டிப்பார்க்கும்வரை வாயுவை ஏற்றினர். எவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டதோ அவ்வளவு இழுவிசையில் நீர் மரத்துக்குள் இருந்தது என்பது பொருள். உப்புநீரில் நிற்கும் அலையாத்தி மரங்களில் அது காற்றழுத்தத்தைப்போல் 30 மடங்கைத் தாண்டியது.

போஸின் மாற்றுக் கருத்து

மாம்பலத்தில் ஏரியை வடித்துக்கொண்டிருந்த அதே 1923இல், கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் தாவரங்களின் சாறேற்றம் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். டப்ளின் கோட்பாட்டை அவர் ஏற்கவில்லை. மெல்லிய மின்முனையைத் தண்டுக்குள் சிறிது சிறிதாகச் செலுத்தி, புறணியின் உள்ளடுக்குச் செல்கள் இதயம்போல் துடிக்கின்றன என்றும், அத்துடிப்பே நீரை மேலேற்றுகிறது என்றும் கூறினார். தானாகவே அசையும் தொழுகண்ணிச் செடியின் சிற்றிலைகளை அவர் இதயத் துடிப்போடு ஒப்பிட்டு ஆராய்ந்ததும் இதன் தொடர்ச்சியே.

போஸின் துடிப்புக் கோட்பாட்டைப் பிற்காலத் தாவரவியல் ஏற்கவில்லை. ஸ்டிராஸ்பர்கர் நஞ்சூட்டிய மரங்கள் அதற்கு எதிர்ச்சான்றாக முன்பே நின்றன. ஆனாலும் சில பள்ளி நூல்கள் செய்வதுபோல் அவரை ஒற்றை வரியில் தள்ளிவிட்டுப் போவது நியாயமாகாது. செடிகளுக்குள் மின்குறிப்புகள் ஓடுகின்றன என்று அவர் சொன்னது நிலைத்துவிட்டது. அறுந்த நீர்நூலை மரம் மீண்டும் இணைக்கும்போது சைலத்தை ஒட்டிய உயிர்ச்செல்களின் பங்கு என்ன என்பது இன்றும் விவாதத்தில் உள்ள கேள்விதான்.

நூல் அறுந்தால்

இழுக்கும் கயிறு அறுபடும் ஆபத்து எப்போதும் உண்டு. மண் காய, வெயில் ஏற, இழுவிசை கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் குழாய்க்குள் காற்றுக்குமிழி நுழைந்து, அக்குழாயில் நீர்நூல் அறுந்துவிடுகிறது. 1966இல் மில்பர்ன், ஜான்சன் ஆகியோர் ஒலிவாங்கியை இலைக்காம்பில் பொருத்தி, நூல் அறும் 'டிக்' ஓசைகளையே கேட்டனர். ஒரு குழாய் போனால் பக்கத்துக் குழாய்வழி நீர் சுற்றிப்போகும். பல குழாய்கள் ஒருசேரப் போனால் அந்தக் கிளை பட்டுப்போகும். கோடை முடிந்தபின் பச்சையான மரத்தின் உச்சியில் ஒன்றிரண்டு கிளைகள் மட்டும் காய்ந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வறட்சியின்றியும் இக்குழாய்கள் அடைபடலாம். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடம் இதில் உலகப் பெயர் பெற்றது. அதை நெடுங்காலம் வழிநடத்திய டி. எஸ். சதாசிவன் (1913–2001), பருத்தியின் வாடல் நோயை ஆராய்ந்தவர். மண்ணில் வாழும் பியூசேரியம் என்ற பூஞ்சை வேர்வழியே சைலத்துக்குள் புகுந்து, நீரோட்டத்தைக் கெடுத்து, நஞ்சையும் விடுகிறது. ஈரமான வயலிலேயே செடி தாகத்தால் வாடுகிறது. அந்த நஞ்சுகளுள் ஒன்றான பியூசேரிக் அமிலம் நோயுற்ற செடிக்குள்ளேயே உண்டாகிறதா என்ற கேள்வியில் 1950களில் சென்னை ஆய்வாளர்களின் பங்கு குறிப்பிடத்தக்கது.

வறட்சியைக் கடக்கும் வழிகள்

செடி குடிக்கும் நீரில் 97 விழுக்காட்டுக்கு மேல் ஆவியாகவே வெளியேறிவிடுகிறது. வீண் செலவு போலத் தோன்றினாலும் அதற்கு ஒரு விலைக்கணக்கு உண்டு. உணவு தயாரிக்கக் கரியமிலவாயு வேண்டும். அது உள்ளே வர இலைத்துளை திறந்திருக்க வேண்டும். துளை திறந்தால், உள்ளே வரும் ஒரு கரியமிலவாயு மூலக்கூறுக்கு நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் வெளியே போகின்றன. பசியா தாகமா என்ற இந்தத் தேர்வைச் செடி ஒவ்வொரு பகலும் எதிர்கொள்கிறது. மண் காய்ந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஊக்கி செடிக்குள் பெருகி, இலைத்துளைகளை மூடச் செய்கிறது. 1960களில் கண்டறியப்பட்ட ஊக்கி இது.

துளையை மூடியும் போதாதபோது மரம் இலையையே உதிர்க்கிறது. மாசி, பங்குனியில் வேம்பும் புங்கனும் இலை கொட்டுவதைக் காணலாம். இதில் வியப்பானது அடுத்து நடப்பதுதான். மழைக்காகக் காத்திராமல், வெயில் உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் இவை தளதளவென்று புதுத்தளிர் விடுகின்றன. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ கிடைப்பது இந்த ஒழுங்கினால்தான். பழைய இலைகள் போனதும் நீர்ச்செலவு குறைகிறது. ஆழத்தில் உள்ள வேர்கள் தரும் நீரும் தண்டில் சேர்ந்திருக்கும் நீரும் தளிருக்குப் போதுமானதாகின்றன. ஆழ வேர் உள்ள நாட்டு மரங்களுக்கே இது எளிது. ஆழத்தில் நீர் இல்லாவிட்டால் அவற்றுக்கும் கடினம். முருங்கை வேறு வழி வைத்திருக்கிறது. இளஞ்செடியிலேயே கிழங்குபோல் தடித்துவிடும் அதன் வேரில் நீர் சேமிக்கப்படுகிறது.

வேறொரு வகைச் செடிகள் தாகத்தையும் பசியையும் நேரத்தால் பிரித்துவிட்டன. இதன் வரலாற்றில் சென்னை மாகாணத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. தரங்கம்பாடிக்கு மொரேவியன் சமயப்பணியாளராக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத் தாவரவியலாளராகப் பணியாற்றியவர் பெஞ்சமின் ஹெய்ன். இன்று மாடித்தோட்டங்களில் ரணகள்ளி என்ற பெயரில் வளர்க்கப்படும் செடியின் இலையை அவர் வெவ்வேறு நேரங்களில் மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் சற்றே கசப்பு. இதை அவர் எழுதிய கடிதம் 1813இல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. கருவி என்று சொல்ல அவரிடம் இருந்தது நாக்கு மட்டுமே.

புளிப்புக்குக் காரணம் நூறாண்டுக்கும் மேல் கழித்தே முழுதாகப் புரிந்தது. இவ்வகைச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, குளிர்ந்த இரவில் திறக்கின்றன. இரவில் வாங்கிய கரியமிலவாயுவை மாலிக் அமிலமாக இலையில் சேர்க்கின்றன. அதுதான் காலைப் புளிப்பு. பகலில் அவ்வமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்து, வெயிலின் உதவியால் உணவாக்குகின்றன, புளிப்பு மறைகிறது. சோற்றுக் கற்றாழை, நாகதாளி, அன்னாசி ஆகியனவும் இவ்வழியே வாழ்கின்றன. திருஷ்டிக்காக வீட்டு வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட கற்றாழை, மண்ணும் நீரும் இன்றிப் பல வாரங்கள் பச்சையாகவே இருப்பதை மாம்பலத்தில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். கடும் வறட்சியில் அது இரவிலும் துளைகளைத் திறக்காமல், தன் மூச்சில் வெளிவரும் வாயுவையே திரும்பப் பயன்படுத்திக்கொண்டு உயிரைக் காத்துக்கொள்கிறது.

அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபைத் தோட்டத்தின் ஆலமரம் இன்னொரு பாடம். 1989இல் வீசிய புயலில் அதன் தாய்த்தண்டு சாய்ந்தது. மரம் சாகவில்லை. கிளைகளிலிருந்து இறங்கி மண்ணைத் தொட்ட ஒவ்வொரு விழுதும் தனக்கென வேரும் சைலமும் உடைய தனிக்குழாயாக ஏற்கெனவே மாறியிருந்தது. நடுவில் தண்டு இல்லாமலே அந்த ஆலமரம் இன்றும் பரந்து நிற்கிறது.

வறண்ட ஆண்டுகளும் சிமெண்டுத் தரையும்

நிலத்தடி நீரை எடுப்பதைக் கட்டுப்படுத்தச் சென்னைப் பெருநகரப் பகுதிக்கு 1987இலேயே சட்டம் வந்தது. ஆயினும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. தொடர்ந்து மழை பொய்த்த நிலையில் 2003இல் தமிழக அரசு, பழைய கட்டடங்கள் உள்பட எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. மாடியில் விழும் நீரைக் குழாய்வழியே கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ இறக்குவதுதான் முறை. ஏரி செய்துவந்த வேலையை நூற்றுக்கணக்கான சிறு குழிகளிடம் பிரித்துக் கொடுத்த ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம். மாம்பலம் போன்ற களிமண் பகுதியில் குழி ஆழமாக இருந்தால்தான் பயன். மேலோட்டமாகத் தோண்டிச் சல்லியை நிரப்பினால் அது நீரைத் தேக்கிவைத்துக் கொசுவையே வளர்க்கும். கொசுவுக்கு மாம்பலம் ஏற்கெனவே பேர்போனது.

2019 கோடையில் பூண்டி, செங்குன்றம், சோழவரம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்தது. மனிதருக்கு லாரியும் ரயிலும் வந்தன. தெருமரத்துக்கு அப்படி எதுவும் வருவதில்லை. அதன் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒரு மீட்டருக்குள் படர்ந்திருக்கும். அந்த மண்ணின்மேல் தண்டை ஒட்டி சிமெண்டுத் தரை போட்டால், பெய்யும் சிறு மழையும் உள்ளே இறங்காது. வேர் மூச்சுவிடக் காற்றும் போகாது. அடிமரத்தில் அறையும் ஆணிகள் அங்குள்ள சைலக் குழாய்களை வெட்டிவிடுகின்றன. மாநகராட்சி அவ்வப்போது ஆணிகளையும் விளம்பரப் பலகைகளையும் பிடுங்கி எடுக்கிறது. சிமெண்டு பெரும்பாலும் அப்படியே இருந்துவிடுகிறது.

இறுகிய தரைக்கு அடியில் வேர் ஆழப் போகாத மரங்கள் காற்றுக்கும் ஈடுகொடுப்பதில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்த குல்மோகர், தூங்குமூஞ்சி போன்றவை அதிகம் விழுந்தன. வேம்பும் புங்கனும் ஓரளவு தாக்குப்பிடித்தன.

வறட்சிக்கு நேர்மாறான ஆபத்தும் இவ்வூருக்கு உண்டு. 2015இலும் 2021 நவம்பரிலும் மேற்கு மாம்பலத்தின் தெருக்களில் வெள்ளம் தேங்கியது. 2021இல் சில தெருக்களில் அது வடிய நாள்கள் பிடித்தன. பல நாள் நீருக்குள் நிற்கும் செடியும் இலை தொங்கி வாடுகிறது. மண்ணிடைவெளிகளில் காற்று போய் நீரே நிறைந்துவிட்டால் வேர்ச்செல்கள் மூச்சுத்திணறி, நீரை உள்ளே விடும் திறனை இழக்கின்றன. அவ்வேளையில் செடி வாடியிருக்கிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றுவோர் பலர். அப்போது செய்யவேண்டியது வேர்ப்பகுதியில் தேங்கிய நீரை வடித்து, மண்ணைக் கிளறிக் காற்றுப் புக விடுவது.